குடுவைச் செடிக்கு மண் வேண்டாம்: தொட்டிக் கலவையும் தொட்டி மாற்றமும்

நெப்பந்தஸ் என்ற பெயரில் நர்சரிகளில் தொங்கும் குடுவைச் செடியை வாங்கி வந்ததும், நம் கை தானாகவே செம்மண்ணையும் மணலையும் தொழுவுரத்தையும் தேடுகிறது. ரோஜாவுக்கும் மல்லிகைக்கும் வைத்துப் பழகிய கை. போதாக்குறைக்கு, வேர் நன்றாகப் பிடிக்கட்டும் என்று ஒரு பிடி மண்புழு உரமும், பூச்சி வரக்கூடாது என்று கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கும் சேர்த்துவிடுகிறோம். அடுத்த சில வாரங்களில் இலை ஓரம் கருகும், புதுக் குடுவை வருவது நிற்கும், பிறகு வேர் அழுகிச் செடி சாயும். செடியைக் கொன்றது வெயில் என்றோ, விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்றோ பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் கொன்றது நம் அன்புதான்.

இந்தச் செடியின் பூர்வீகத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும். போர்னியோ, சுமத்ரா, பிலிப்பைன்ஸ் தீவுகளில்தான் நெப்பந்தஸ் இனங்கள் மிகுதி. இந்தியாவில் இயற்கையாக வளர்வது ஒரே இனம், மேகாலயாவின் நெப்பந்தஸ் காசியானா. இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்தில் வளரும் நெப்பந்தஸ் டிஸ்டிலாட்டோரியா உலகில் வேறெங்கும் இல்லை. இவை வளரும் இடங்களில் பல சத்தற்றவை: மட்கிய சதுப்பு நிலம், மழை அலசிப்போன மணல், பாசி படர்ந்த பாறை, மரக்கிளை. மண்ணில் நைட்ரஜன் கிடைக்காததால்தான் இலை நுனியைக் குடுவையாக்கி எறும்பையும் ஈயையும் பிடித்துச் செரிக்கிறது. சாப்பாடு பெருமளவு மேலிருந்து வருகிறது. வேரின் வேலை செடியைப் பிடித்துக்கொள்வது, தண்ணீர் எடுப்பது, மூச்சுவிடுவது. எனவே தொட்டியில் நாம் நிரப்பும் பொருள் ஈரத்தைப் பிடிக்கவேண்டும், அதே சமயம் காற்றும் புகவேண்டும். உப்பும் உரமும் அதில் இருக்கக்கூடாது. இந்த மூன்றையும் நிறைவேற்றும் எந்தக் கலவையும் நல்ல கலவைதான். இணையத்தில் ஆளுக்கொரு விகிதம் சொல்லிச் சண்டையிடுவதில் எனக்கு ஆர்வம் இல்லை.

முதலில் தண்ணீர்

கலவையைப் பற்றிப் பேசுவதற்கு முன் தண்ணீரைச் சொல்லியாகவேண்டும். உப்புத் தண்ணீர் ஊற்றினால், எவ்வளவு விலையுயர்ந்த கலவை வாங்கி நட்டாலும் சில மாதங்களில் பாழாகிவிடும். தண்ணீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், ஒன்று வாங்கிவிடுங்கள். அது 50 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 50 பங்கு) கீழே காட்டினால் மிக நல்லது. 100 வரை சமாளிக்கலாம். நம் ஊர் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் இந்த அளவு பல நூறைத் தாண்டும். அந்தத் தண்ணீர் ஆகாது.

மழைநீர் முதல் தரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மொட்டைமாடியில் பிளாஸ்டிக் டிரம் வைத்துப் பிடித்து, கொசு புகாமல் மூடி வைத்தால் சில மாதங்களுக்கு வரும். வீட்டு ஆர்.ஓ. கருவியின் குடிநீரும் ஆகும். ஆனால், சுவைக்காகத் தாது உப்பைத் திரும்பச் சேர்க்கும் கருவிகள் இருக்கின்றன. மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். அந்தக் கருவி வெளியே தள்ளும் கழிவுநீரை 'வீணாகப் போகிறதே' என்று இந்தச் செடிக்கு ஊற்றிவிடாதீர்கள். குழாய்த் தண்ணீரில் இருந்த உப்பெல்லாம் அதில்தான் திரண்டிருக்கிறது. ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரில் உப்பு மிகக் குறைவு. சுத்தமான பிளாஸ்டிக் வாளியில் பிடித்தால் அவசரத்துக்குக் கைகொடுக்கும்.

எதை வாங்குவது, எதை விடுவது

கலவைக்கான பொருள்களில் நம்மவர்க்கு மிக அருகில் இருப்பது தென்னை. பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் மட்டையிலிருந்து நார் எடுத்த பிறகு மிஞ்சும் தூளே கோகோபீட். மட்டையைச் சிறு சதுரமாக வெட்டினால் மட்டைத் துண்டுகள். இரண்டும் ஒரே மட்டையிலிருந்து வந்தாலும் தொட்டிக்குள் நடந்துகொள்ளும் விதம் வேறு. தூள் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு நாளடைவில் இறுகும். காற்று நுழைய இடமிருக்காது. துண்டுகள் தம் உடம்பில் ஈரத்தை வைத்துக்கொண்டு, நடுவில் வெற்றிடத்தையும் விட்டுவைக்கும். குடுவைச் செடிக்கு நான் பரிந்துரைப்பது துண்டுகளை. அரை அங்குலம் அளவில் இருந்தால் போதும். நாய்க்குட்டி மெல்லும் அளவுக்குப் பெரிய துண்டுகள் சிறு தொட்டிக்குப் பொருந்தாது.

மட்டையில் ஒரு சிக்கல் உண்டு: சோடியமும் பொட்டாசியமும் அதில் இயல்பாகவே மிகுதி. கடலோர உப்பங்கழியில் ஊறவைத்த மட்டை என்றால் இன்னும் மோசம். பொட்டலத்தில் 'கழுவியது' என்று அச்சிட்டிருந்தாலும் நம்பவேண்டாம். ஒரு வாளியில் துண்டுகளைப் போட்டுத் தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்து, வடித்துவிட்டு, மறுபடி புதுத் தண்ணீர் விடுங்கள். வடிந்த நீர் தேநீர் நிறத்தில் வரும். எத்தனை முறை கழுவினாலும் அந்த நிறம் முழுதாகப் போகாது, போகவேண்டியதும் இல்லை. அது மட்டையின் துவர்ப்புச் சாயம். நிறத்தைப் பார்க்காமல் மீட்டரைப் பாருங்கள். ஊற்றிய தண்ணீரின் டி.டி.எஸ். அளவும், ஊறியபின் வடித்த தண்ணீரின் டி.டி.எஸ். அளவும் ஏறக்குறைய ஒன்றாகும்வரை கழுவவேண்டும். முதல் சில கழுவலுக்குக் குழாய்த் தண்ணீரே போதும், கடைசிக் கழுவல்களுக்கு நல்ல தண்ணீர். இந்த வேலையை ஒரு வார இறுதியில் தொடங்கினால் அடுத்த வார இறுதியில் நடலாம் என்று திட்டமிட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஸ்பேக்னம் பாசி. நியூசிலாந்திலிருந்தும் சிலியிலிருந்தும் உலர்த்திக் கட்டியாக அழுத்தி வருகிறது. விலை அதிகம். ஆனால் சிறு செடிக்கும், வேர் பழுதான செடிக்கும் இதைவிடப் பத்திரமான இடம் வேறில்லை. தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடிக்கும், இயல்பிலேயே அமிலத்தன்மை உடையது, எளிதில் அழுகாது. வாங்கும்போது நீண்ட இழை இருக்கிறதா என்று பாருங்கள். தூளாக உதிர்ந்த மலிவுச் சரக்கு ஒரு மழைக்காலத்துக்குள் கூழாகிவிடும். பூ அலங்காரத்துக்கென்று பளிச்சென்ற பச்சையில் விற்கும் பாசி வேறு பொருள். பெரும்பாலும் சாயம் ஏற்றியது. அதைத் தொடவேண்டாம். உலர்ந்த பாசியைக் கையாளும்போது கையுறை அணியுங்கள். அரிதாக அதில் இருக்கும் பூஞ்சை, விரலில் கீறல் இருந்தால் உள்ளே புகுந்து புண்ணாக்கக்கூடும்.

பெர்லைட் என்பது எரிமலைக் கண்ணாடியைச் சூடேற்றிப் பொரியவைத்த வெள்ளைத் துகள். கலவைக்குள் காற்றுக்கு இடம்விடுவதே அதன் வேலை. பையைத் திறக்குமுன் கொஞ்சம் தண்ணீரை உள்ளே தெளித்துவிடுங்கள், முகக்கவசமும் இருக்கட்டும். அதன் தூசி நுரையீரலுக்கு நல்லதல்ல. கடையில் பெர்லைட் கேட்டால் சிலர் வெர்மிகுலைட்டை எடுத்துக் கொடுப்பார்கள். பழுப்பாக, தகடு தகடாக மின்னினால் அது வெர்மிகுலைட், தண்ணீரை இழுத்துவைத்துப் பின் நொறுங்கிப்போகும். பியூமிஸ் என்ற எரிமலை நுரைக்கல் கிடைத்தால் பெர்லைட்டைவிட மேல், அதைப்போல எளிதில் மிதந்து மேலே வராது. பெர்லைட்டுக்குப் பதிலாகத் தெர்மாகோல் உருண்டை போடுகிறவர்களும் உண்டு. ஒரு பலத்த மழையில் உருண்டையெல்லாம் பால்கனியில் கிடக்கும்.

ஒரு பிடி அடுப்புக்கரியை நொறுக்கித் தூசி போகக் கழுவிச் சேர்க்கலாம். சேர்க்காவிட்டாலும் குறையில்லை. சிகடி என்ற கரி அடுப்புக்கென்று ஒட்டுப்பொருள் சேர்த்து அச்சில் வார்த்த கரிக்கட்டி வேண்டாம்.

விடவேண்டியவை: செம்மண், வண்டல், எம்-சாண்ட், செங்கல் ஜல்லி, எல்லா வகை உரங்கள், கடையில் பை போட்டு விற்கும் ஆயத்த மண்கலவை. கடைசியாகச் சொன்னது பலரைச் சறுக்கவைக்கும். 'எல்லாச் செடிகளுக்கும்' என்று எழுதியிருக்கும். உள்ளே உரம் இருக்கும்.

எந்த அளவில் கலப்பது

சென்னை, புதுச்சேரி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் காற்றில் ஈரம் இருக்கிறது. அங்கே கழுவிய மட்டைத் துண்டு இரண்டு பங்கு, பெர்லைட் ஒரு பங்கு, நறுக்கிய ஸ்பேக்னம் ஒரு பங்கு. கோவை, மதுரை, திருச்சி போல வறண்ட காற்று வீசும் ஊர்களில் பாசியைக் கூட்டி, துண்டும் பாசியும் பெர்லைட்டும் சம பங்காக வைக்கலாம். உள்ளங்கை அகலமே உள்ள இளஞ்செடிக்குப் பாசியும் பெர்லைட்டும் பாதிக்குப் பாதி.

ஊரைவிட முக்கியம் உங்கள் கை. காலையிலும் மாலையிலும் பூவாளியோடு நிற்காவிட்டால் தூக்கம் வராதவர் என்றால், துண்டையும் பெர்லைட்டையும் கூட்டுங்கள். வாரத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பவர் பாசியைக் கூட்டுங்கள். எந்த நூலில் உள்ள விகிதமும் உங்கள் பழக்கத்தை அறிந்து எழுதப்பட்டதல்ல.

எந்தச் செடி என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சமவெளியில் தாக்குப்பிடிப்பவை தாழ்நில இனங்களும் சில கலப்பினங்களும். நர்சரிகளில் பெரும்பாலும் கிடைக்கும் வெண்ட்ராட்டா, மிராண்டா ஆகிய கலப்பினங்கள் புதியவர்களுக்கு ஏற்றவை. மிராபிலிஸ், ஆம்புலேரியா, கிராசிலிஸ் ஆகியவை தாழ்நிலத்தவை, நம் வெப்பத்தைப் பொறுக்கும். போர்னியோவின் கினபாலு மலையில் வளரும் நெப்பந்தஸ் ராஜா போன்ற உயர்மலை இனங்களுக்கு இரவில் குளிர் வேண்டும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருப்பவர் வேண்டுமானால் உயர்மலை இனங்களை முயன்று பார்க்கலாம். சென்னையில் வாங்கினால் காசைக் கரியாக்குவதாகும். காட்டிலிருந்து பிடுங்கி விற்கும் செடியை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மேகாலயாவின் காசியானா, 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலிலும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலிலும் உள்ள செடி.

தொட்டியும் காலமும்

மண் தொட்டி அழகாக இருக்கும், ஆனால் சுவர் வழியே நீரை ஆவியாக்கும்போது உப்பைத் தன்னிடம் தேக்கிக்கொள்ளும். வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பிளாஸ்டிக் தொட்டியே நல்லது. அடியிலும் பக்கத்திலும் தாராளமாகத் துளை இருக்கட்டும், இல்லாவிட்டால் சூடேற்றிய கம்பியால் போட்டுக்கொள்ளுங்கள். ஆர்க்கிட் செடிக்கு விற்கும் வலைத்தொட்டி மிகவும் பொருத்தம். வெயில் படும் இடமென்றால் கறுப்பு நிறத்தைத் தவிருங்கள், வேர் வெந்துவிடும். பழைய தொட்டியைவிட ஓர் அங்குலம், மிஞ்சினால் இரண்டு அங்குலம் அகலம் போதும். சின்னச் செடியைப் பெரிய தொட்டியில் வைத்தால் வேர் எட்டாத இடமெல்லாம் ஈரம் தேங்கிப் புளித்துப்போகும்.

கத்திரி வெயிலில் தொட்டி மாற்றாதீர்கள். காற்றில் ஈரம் இருக்கும் மழைக்காலமே ஏற்றது. வாங்கி வந்த அன்றே மாற்றுவதும் வேண்டாம். நர்சரியின் நிழல்வலைக்குள் இருந்த செடி உங்கள் வீட்டு வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் பழக இரண்டு மூன்று வாரம் கொடுங்கள். விற்றவர் செம்மண்ணிலோ எருவிலோ நட்டிருந்தால் மட்டும் காத்திராமல் மாற்றிவிட வேண்டியதுதான்.

ஏற்கெனவே வளரும் செடிக்கு எப்போது மாற்றுவது? ஊற்றிய தண்ணீர் இறங்காமல் மேலேயே நின்றால், தொட்டியை முகர்ந்தால் புளித்த வாடை வந்தால், மேற்பரப்பில் பச்சைப் பாசி வழவழப்பாகப் படர்ந்தால் நேரம் வந்துவிட்டது. சராசரியாக இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை.

தொட்டி மாற்றும் நாள்

முந்தின நாளே செடிக்கு நன்றாகத் தண்ணீர் விட்டுவிடுங்கள். புதுக் கலவையும் நனைந்திருக்க வேண்டும். பாசியை அரை மணி நேரம் ஊறவைத்து, சொட்டு நிற்கும்வரை பிழிந்து உதறி, மற்றவற்றோடு கையால் புரட்டுங்கள். உலர்ந்த கலவையில் நட்டால், பிறகு எவ்வளவு ஊற்றினாலும் தண்ணீர் ஓரமாக ஓடிவிடும்.

காய்ந்த இலைகளையும் முழுதாகக் கருகிய குடுவைகளையும் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். பாதி பச்சையாக இருக்கும் குடுவை இன்னும் வேலை செய்கிறது, இருக்கட்டும். இலையின் அடியிலும் தண்டின் இடுக்கிலும் வெள்ளைப் பஞ்சாக மாவுப்பூச்சி இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். இப்போது விட்டால் அப்புறம் எட்டாது. ஈரப் பஞ்சால் துடைத்தாலே பெரும்பாலும் போய்விடும்.

பிறகு தொட்டியைப் பக்கவாட்டில் லேசாகச் சாய்த்து, சுற்றிலும் அமுக்கிக் கொடுத்து, தண்டின் அடியைத் தாங்கி மெதுவாக உருவுங்கள். முழுதாகக் கவிழ்த்தால் குடுவைகளில் இருக்கும் செரிமான நீர் கொட்டிவிடும். வரவில்லை என்றால் இழுக்காதீர்கள், தொட்டியை வெட்டுங்கள். தொட்டி இருபது ரூபாய்.

இப்போது வேர் கண்ணில் படும், பலர் திடுக்கிடுவதும் இங்கேதான். குடுவைச் செடியின் வேர் கறுப்பு. குதிரை மயிர்போல மெல்லியதாக, கரும்பழுப்பு ரோமம் மூடியதாக இருக்கும். அழுகிவிட்டது என்று நினைத்து வெட்டி எறிந்துவிடுகிறார்கள். நகத்தால் மெல்ல அழுத்திப் பாருங்கள்: விறைப்பாக எதிர்த்து நின்றால் உயிருள்ள வேர், அதன் நுனி வெளிறியும் இருக்கலாம். தோல் உருவிக்கொண்டு வந்து, உள்ளே கூழாக இருந்து, நாற்றம் அடித்தால்தான் அழுகல். அந்த வேரை மட்டும் சுத்தமான கத்தியால் நறுக்குங்கள். நல்ல வேரும் எளிதில் முறியும். ஆகவே மற்றச் செடிகளுக்குச் செய்வதுபோல வேர்க்கட்டியைப் பிய்த்து விரிக்கக்கூடாது. தானாக உதிரும் பழைய கலவை உதிரட்டும்; ஒட்டிக்கொண்டிருப்பது அப்படியே போகட்டும். செம்மண்ணிலோ உரத்திலோ இருந்த செடி என்றால் மட்டும், நல்ல தண்ணீர் நிரம்பிய வாளியில் அமிழ்த்தி, ஆட்டி ஆட்டிக் கழுவவேண்டும். திசு வளர்ப்பில் வந்த செடிகளின் நடுவேரைச் சுற்றிச் சில சமயம் மெல்லிய வலைப்பை ஒன்று இருக்கும். வெளியே தெரியும் பகுதியைக் கத்தரித்துவிடுங்கள். வேர் ஊடுருவிய பகுதியைப் பிடுங்க முயலவேண்டாம்.

புதுத் தொட்டியின் அடியில் சில பெரிய மட்டைத் துண்டுகள், துளை அடைபடாமல் இருப்பதற்கு. அதன்மேல் கொஞ்சம் கலவை. செடியை முன்பிருந்த ஆழத்திலேயே நிறுத்தி, சுற்றிலும் கலவையைப் போட்டுத் தொட்டியைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டுங்கள். விரலால் குத்தி இறுக்கினால், இவ்வளவு பாடுபட்டு உண்டாக்கிய காற்றிடம் போய்விடும். செடி ஆடினால் ஒரு குச்சி நட்டுத் தளர்வாகக் கட்டுங்கள். மேலிருந்து நல்ல தண்ணீரை அடியில் தெளிவாக வடியும்வரை ஊற்றுங்கள். அவ்வளவுதான்.

குடுவையில் நீர் சிந்தி வறண்டுபோயிருந்தால் கால் பங்குக்கு நல்ல தண்ணீர் விடலாம். நீர் இருக்கும் குடுவையில் மேலும் ஊற்றி நிரப்பவேண்டாம்.

பிறகு

முதல் இரண்டு வாரம் வெளிச்சமான நிழல். நேர் வெயிலும் மின்விசிறிக் காற்றும் ஆகாது. வறண்ட ஊர் என்றால், துளையிட்ட பெரிய ஒளிபுகும் பிளாஸ்டிக் பையால் தளர்வாக மூடி, ஒரு வாரம் கழித்துச் சிறிது சிறிதாகத் திறந்துவிடுங்கள். வெயிலில் மட்டும் மூடி வைக்காதீர்கள். பழைய குடுவைகள் சில ஓரம் கருகும், சில சாயும். அது இடமாற்றத்தின் வழக்கமான கோலம். நடுக்குருத்து பச்சையாக நீளும்வரை கவலை இல்லை. குருத்தே கறுத்தால்தான் வேரைத் திறந்து பார்க்கவேண்டும். புது இலை வந்து, அதன் நுனி நீண்டு, குடுவை ஊதி மூடி திறக்கச் சில வாரம் முதல் இரண்டு மாதம்கூட ஆகும். அதற்குள் பொறுமை இழந்து உரம் போடுவது, நம்மவர் தவறாமல் செய்யும் காரியம். வேரில் எதுவும் போடவேண்டாம். குடுவை திறந்தபின் எறும்பு தானே வரும். வராத மாடி வீட்டில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஒரு சிறு பூச்சியைக் குடுவையில் போட்டால் போதும். இறைச்சித் துண்டு போட்டால் குடுவை அழுகும், வீடு நாறும்.

வீனஸ் பூச்சிப்பொறிச் செடிக்குத் தட்டில் தண்ணீர் தேக்கி வைப்பதைப் பார்த்து இதற்கும் அப்படியே செய்பவர்கள் உண்டு. நெப்பந்தஸின் பெரும்பாலான இனங்கள் அதைத் தாங்காது. தொட்டியைக் கையில் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் விட்டுவிடுங்கள், இலேசாகத் தொடங்கியதும் மேலிருந்து நிறைய ஊற்றி முழுதும் வடியவிடுங்கள். மாதம் ஒரு முறை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு ஊற்றினால் தேங்கிய உப்பும் இறங்கிப்போகும்.

ஓரிரு ஆண்டு கழித்து மட்டைத் துண்டை விரலால் நசுக்கினால் பொடியாகும். அப்போது மறுபடியும் இதே வேலை. எடுத்த பழைய கலவையை இன்னொரு குடுவைச் செடிக்குப் பயன்படுத்தாமல், செம்பருத்தித் தொட்டியில் கொட்டிவிடுங்கள்.